நாற்பதாம் நம்பர் நூல்

வயலைக் கிளியிடமிருந்து காப்பவர்கள் இருக்கிறார்கள். பாலைப் பூனையிடமிருந்து காப்பவர்கள் இருக்கிறார்கள். புத்தகத்தை வாசகரிடமிருந்து காப்பவர் என்று ஓர் இனமும் இருக்கிறதே, அதை நீங்கள் கவனித்ததுண்டா? கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. எந்த ஊருக்குப் போனாலும், நாலு பேர் சேர்ந்து நல்ல எண்ணத்தோடு ஒரு வாசகசாலையைத் திறந்து வைத்த மறுநாளே, எங்கிருந்தோ இவர் வந்து சேர்ந்து, அந்த நாலு பேரையும் மெல்ல வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காரியதரிசி என்ற பட்டத்தோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பிறகு அவரும் எழுந்திருக்க மாட்டார்; புத்தகமும் எழுந்திருக்காது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பீரோச் சாவி இடுப்புக் கயிற்றில் தொங்கும். சட்டைப் பையில் கைக்குட்டை இருக்கும். அது மூக்குக்கு அல்ல, பீரோவின் கண்ணாடிக்கு. பக்கத்தில் போனால் பாச்சை உருண்டை வாசனை அடிக்கும். புத்தகங்களைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள்: எது எத்தனை பக்கம், எது தோல் கட்டு, எது காலிகோக் கட்டு, எதை யார் தானம் செய்தார், எந்தப் புத்தகத்தின் முதுகில் எப்போது பூச்சி விழுந்தது, எல்லாம் மூச்சு விடாமல் சொல்வார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் படித்ததில்லை. படித்தால் பக்கம் மடங்குமே? ஊரார் கை படக்கூடாது என்று காவல் இருக்கிறவர் தம் கையை மட்டும் நம்பிவிடுவாரா? அந்த விஷயத்தில் அவருக்குப் பட்சபாதம் கிடையாது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் திருத்தணியில் இருந்த ஒருவரையே காட்டுகிறேன். கஜபதி என்று பெயர். பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுவதும் பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு பத்திரப்படுத்த ஒன்றுமில்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், கீழ்த் தெருவில் பழைய சத்திரத்தின் முன்னறையில் நடந்துவந்த வாசகசாலைக்கு ஒரு காரியதரிசி தேவைப்பட்டது. ஊரார் அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் ஒருவரும் அதற்குப் பிறகு அங்கே ஒரு புத்தகம் வாங்கவில்லை.

வந்த உடனே அவர் செய்த முதல் காரியம், பெயர்ப் பலகையை மாற்றியது. 'வாசகசாலை' என்று இருந்ததை அழித்துவிட்டு 'நூல் நிலையம்' என்று எழுத வைத்தார். தனித்தமிழ்ப் பற்று என்று ஊரில் நாலு பேர் மெச்சினார்கள். எனக்கு அவர் சொன்ன காரணம் வேறு.

"வாசகசாலைன்னு போட்டா வாசகன் வருவான் சார். கூப்பிடற மாதிரி இல்ல? நூல் நிலையம்னு போட்டுப் பாருங்க. நூல் இருக்கும். நிலையா இருக்கும்."

இரண்டாவது காரியம், எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே மாதிரி பழுப்புக் காகித உறை போட்டது. புராணமும் மாட்டு வைத்தியமும் துப்பறியும் கதையும் பூகோளமும் ஒரே சட்டை போட்ட அண்ணன் தம்பிகளாகக் கண்ணாடிக்குள் நின்றன. முதுகில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். எந்த நம்பர் எந்தப் புத்தகம் என்பது காரியதரிசிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். அதிலும் கடவுள் அவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நேரம். காலையில் திறந்தால் மலைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மாலையில் திறந்தால் பள்ளிக்கூட வாத்தியார்களும் கடைச் சிப்பந்திகளும் வந்துவிடுவார்கள். ஆகவே உச்சி வெயிலில் ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது திறந்து, ஊர் விழிப்பதற்குள் சாத்திவிடுவார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும் நாட்களில் அறையையே பூட்டிவிடுவார். காவடி எடுக்கிறவன் புத்தகம் கேட்பானா என்று நீங்கள் சிரிக்கலாம். கேட்டுவிட்டால்?

இதையெல்லாம் தாண்டி ஒருவன் உள்ளே வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னாப்பா வேணும்?"

"படிக்கறதுக்கு ஒரு பொஸ்தகம் சார்."

"படிச்சு?"

அந்த ஒரு சொல்லுக்கு எவனால் பதில் சொல்ல முடியும்? படித்து என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மீதிப் பேரை "கையைக் காட்டு" என்பார். எண்ணெய்க் கை, மைக் கை, சந்தனக் கை, வியர்வைக் கை என்று மனிதனுக்கு எத்தனை விதமான கைகள் இருக்கின்றன என்பது அங்கேதான் தெரியும். கையையும் கழுவிக்கொண்டு வந்து நிற்கும் பிடிவாதக்காரனுக்கென்று கடைசியாக ஓர் அஸ்திரம் வைத்திருந்தார்.

"அது பைண்டுக்குப் போயிருக்கு."

அரக்கோணத்தில் பைண்டு செய்பவர் ஒருவர் இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் கேட்கப்பட்ட புத்தகமெல்லாம் உண்மையில் அவரிடம் போயிருந்தால், அவர் மாடி வீடு கட்டியிருப்பார்.

கஜபதி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் புத்தகங்களை நேசித்தார். மழை வந்தால், சொந்த வீடு ஒழுகுவதை விட்டுவிட்டுச் சத்திரத்துக்கு ஓடுவார். அவர் மனைவி சின்னம்மாள் ஒருமுறை, "அந்த பீரோவையே கட்டிகினு இருக்கலாமே, என்னை எதுக்குக் கட்டிக்கினீங்க" என்று கேட்டதாகச் சொல்வார்கள். அவர் அதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாராம்.

சரி, இவரால் யாருக்கு என்ன நஷ்டம்? ஊர் படிக்காவிட்டால் ஊர் போய்விடுமா? போகாது. பத்திரிகை இல்லாத குறைக்கு ரயிலடியில் வதந்தி இருக்கிறது. ஆனால் மனோரமாவுக்கு நஷ்டம் இருந்தது. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனோரமா, மலையடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கும் வேணுவின் மனைவி. ஏழாவது வரை படித்துவிட்டுக் கல்யாணமானவள். எட்டாவதுக்கான ஈ.எஸ்.எல்.சி. பரீட்சையில் தேறினால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம், பயிற்சி முடிந்தால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, தனியாகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதினாள். தமிழ் தேறியது, சரித்திரம் தேறியது, கணக்கு கவிழ்த்துவிட்டது. மறு வருஷமும் கணக்கே கவிழ்த்தது. வேணு நல்ல மனிதன். இன்னொரு தடவை எழுது என்றான். மாமியார் எல்லம்மாள் அவ்வளவு நல்லவள் அல்ல. "இந்த ஒரு தபாதான். தேறலேன்னா படிப்பு கிடிப்பெல்லாம் மூட்டை கட்டிட்டு கடையில வந்து குந்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வீட்டில் அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆனால் ஒவ்வொரு கணக்கையும் எப்படிப் போடுவது என்று படிப்படியாக விளக்கி, கடைசியில் விடையும் கொடுத்த ஒரு பெரிய புத்தகம் இருந்தது. உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியும் காகிதப் பஞ்சம் தீராததால், கடையில் அது கிடைக்கவில்லை. சென்னைக்கு எழுதியும் வரவில்லை. ஊரில் அதன் ஒரே பிரதி நூல் நிலையத்துப் பீரோவில் இருந்தது. தானம் கொடுத்த பள்ளிக்கூட வாத்தியார் மாற்றலாகிப் போகும்போது, தமக்குக் கிடைத்த ரசீதில் இருந்த நம்பரையும் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாற்பது.

அவள் உள்ளே வர மாட்டாள். ஆண்கள் உட்காரும் இடம். தெருப்பக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள்.

"ஐயா, நாப்பதாம் நம்பரு வந்துச்சுங்களா?"

"பைண்டுக்குப் போயிருக்கும்மா."

"ஆடிக் கிருத்திகைக்கு மின்னாடியே கேட்டேங்க. இப்ப நவராத்திரி வந்துகினு இருக்குது."

"நல்லா பைண்டு பண்ண வேணாமா?"

"அதோ கண்ணாடிக்குள்ள நாப்பதுன்னு போட்டுகினு ஒண்ணு தெரியுதுங்களே."

கஜபதி திரும்பிப் பார்த்தார். பதிவு ஆபீசில் பழகிய முகம் அசையவே இல்லை.

"அது உறைம்மா. புஸ்தகம் உள்ள இல்ல."

அவள் கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள். உறைக்குள் என்ன இருந்து அவ்வளவு பருமனாக நிற்கிறது என்று கேட்டிருக்கலாம். பெரியவரை அப்படிக் கேட்கும் வழக்கம் அவளுக்கில்லை. பேச்சுத் துணைக்கு அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. கஜபதியை நினைத்து ஆத்திரமாகவும் வந்தது.

"அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை ஓய். கொடுத்தா என்ன குறைஞ்சு போவுது?" என்று நானே கேட்டேன்.

"கணக்குப் புஸ்தகம் எடுக்கறவங்க சும்மா இருக்க மாட்டாங்க சார். ஓரத்துல பென்சில் வெச்சுப் போட்டுப் பார்ப்பாங்க" என்றார். ஒரு கொலையைப் பற்றிச் சொல்லும்போதுகூட அவர் குரல் அவ்வளவு தாழ்ந்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான், அப்போது எங்கள் ஜில்லாத் தலைநகராக இருந்த சித்தூரிலிருந்து தகவல் வந்தது. ஜில்லாவில் நன்றாக நடக்கிற நூல் நிலையம் ஒன்றைப் பார்த்து உதவி செய்யப் போகிறார்களாம். வருஷா வருஷம் புதுப் புத்தகங்கள், தமிழிலும் தெலுங்கிலும் பத்திரிகைகள், மேஜை நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு, இவற்றோடு இன்னொரு பீரோ. 'இன்னொரு பீரோ' என்ற சொல்லைக் கேட்டதும் கஜபதியின் முகத்தில் வந்த களையை, அவர் பிள்ளைக்குப் பெண் நிச்சயமானபோதுகூட நான் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அதிகாரி நேரில் வருவார். ஜனங்கள் வந்து பயன்படுத்துகிறார்களா என்று பார்ப்பார். இல்லையென்றால் உதவி பக்கத்து ஊரான நகரிக்குப் போய்விடும்.

வாசகருக்கு எங்கே போவது? இருந்தவர்களையெல்லாம் அவரே துரத்தியாயிற்று. கடைத்தெருவில் ஒவ்வொருவராகப் பார்த்து, "அன்னிக்கு ஒரு நாள் வந்து உக்காந்துட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினார். "கை அழுக்கா கீதே சார்" என்று ஆளுக்கு ஆள் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். கடைசியில் சந்தையில் தமுக்கு அடிக்க ஏற்பாடு செய்தார். வாசகமும் அவரே எழுதிக் கொடுத்தார்: 'நமது நூல் நிலையத்துக்குச் சர்க்கார் அதிகாரி விஜயம் செய்கிறார். நூல் விருப்பமுள்ளோர் அனைவரும் தவறாது வருக.'

இங்கேதான் விதி குறுக்கே புகுந்தது. அது என்ன காலம் என்று நினைவிருக்கிறதா? அரிசிக்குக் கண்ட்ரோல், மண்ணெண்ணெய்க்குக் கண்ட்ரோல், நெசவாளியின் நூலுக்கும் கண்ட்ரோல். பள்ளிப்பட்டுப் பக்கம் தறிகளெல்லாம் நூலில்லாமல் சும்மா கிடந்தன. எங்கள் சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் நூல் என்றால் தறியில் ஓடுகிற நூல்தான், படிக்கிறது புஸ்தகம். தமுக்குக்காரன் பங்காரு கடமையுணர்ச்சி உள்ளவன். தமிழில் சொன்னதைத் தெலுங்கிலும் சொல்லாவிட்டால் அவனுக்குத் திருப்தி வராது. 'விஜயம்', 'விருப்பம்' எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, "சர்க்காருவாரு நூலு இஸ்தாரு, ரண்டி ரண்டி" என்று சந்தை முழுவதும் முழங்கிவிட்டான். சர்க்கார் நூல் கொடுக்கிறார்கள், வாருங்கள். இதற்கு மேல் ஒரு நெசவாளிக்கு என்ன வேண்டும்?

அதிகாரி வந்த அன்று சத்திரத்து வாசலில் நான் கண்ட கூட்டத்தைக் கிருத்திகையில்தான் பார்த்திருக்கிறேன். பள்ளிப்பட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கையில் கண்ட்ரோல் கார்டு, தோளில் கோணிப்பை. கஜபதிக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தம் ஆயுளில் துரத்தியவர்களை எல்லாம் சேர்த்தாலும் இத்தனை பேர் தேற மாட்டார்கள். ஒரே நாளில் வந்து நின்றால்? பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு முதுகால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே மனோரமாவும் வந்து நின்றாள். அதிகாரியின் முன்னிலையில் கேட்டால் கொடுத்துவிடுவார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். புதிதாக மாற்றலாகி வந்தவர். தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. நூல் என்றால் அவருக்கு ஏடு, சுவடி, அறிவு, பண்பாடு. கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முன்வரிசையில் இருந்த துரைக்கண்ணு என்ற நெசவாளியைக் கூப்பிட்டார்.

"இத்தனை பேரும் நூலுக்காகவா வந்திருக்கிறீர்கள்?"

"ஆங். நூல் இல்லாம எங்களுக்குப் பொழப்பு ஏதுங்க? எங்களுக்குச் சோறு மாதிரிங்க அது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இங்கே ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?"

"இங்க எங்கங்க குட்த்தாங்க? நாலு மாசமா கையைக் கட்டிகினு குந்திகினு இருக்கோம். பொறுக்க முடியாதவன் பிளாக்குல வாங்கறான்."

"கள்ள மார்க்கெட்டிலா? நூலையா?"

"பின்ன? பொண்டாட்டி தாலியை வெச்சு வாங்கனவன் கூட இருக்கான் தொரை. இதோ நிக்கிறான் பாருங்க."

தாலியை அடகு வைத்துப் படிக்கிற ஜனங்களை அதிகாரி அதுவரை எந்த ஜில்லாவிலும் கண்டதில்லை. கஜபதியை அவர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னால் நாமாக இருந்தால் சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு ஊரை விட்டே போயிருப்போம். கஜபதி நாற்காலியை இன்னும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லவும் முடியவில்லை. சொன்னால் கூட்டம் போய்விடும். கூட்டம் போனால் பீரோவும் போய்விடும்.

"உனக்கு எது வேண்டும் அப்பா? கூச்சப்படாமல் சொல்."

"நாப்பதாம் நம்பருங்க. அதான் எங்களுக்கு ஓடும்."

நெசவாளிகள் நூலின் சன்னத்தை நம்பரால் சொல்வார்கள் என்பது அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நம்பரையே மனப்பாடமாகச் சொல்கிறானே, எத்தனை தடவை வந்து கேட்டிருந்தால் இது வரும் என்று அவர் உருகிப்போனார்.

"காரியதரிசி, நாற்பதாம் நம்பரை எடுங்கள்."

"அது, அது வந்து, பைண்டுக்குப் போயிருக்குங்க."

"உங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்பது என்று தெரிகிறதே?"

உறை என்ற பதில் இவரிடம் செல்லாது என்று கஜபதிக்குத் தெரிந்தது.  எழுந்து இடுப்பில் சாவியைத் தேடினார். சாவி இருந்த இடத்திலேயே இருந்தது; கைதான் அதை வெகு நேரம் கண்டுபிடிக்கவில்லை. பூட்டுத் திறக்கும்போது பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தும்மினார்கள்.

அதிகாரி தம் கையாலேயே நாற்பதை எடுத்துத் துரைக்கண்ணுவிடம் கொடுத்தார். துரைக்கண்ணு இரண்டு கையாலும் வாங்கி எடை பார்த்தான். நூல் கட்டு ஏன் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று அவனுக்கு யோசனை. சர்க்கார் சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, பழுப்புக் காகிதத்தைச் சரக்கென்று கிழித்தான். கஜபதியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இது பொஸ்தகம்ங்க."

"ஆமாம் அப்பா. நூல்."

"நூலு எங்கங்க?"

"கையில் இருப்பதுதான் நூல்."

துரைக்கண்ணு புத்தகத்தைப் புரட்டினான், உதறினான், முதுகைத் தட்டிப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் நின்ற தன் மச்சானைப் பார்த்துத் திரும்பி நிதானமாகச் சொன்னான்: "பாவா, இதுல ஒரு இழை கூட வராது."

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை விவரிக்க என்னால் முடியாது. சிரித்தவர்கள் பாதி, திட்டியவர்கள் பாதி. பங்காருவைத் தேடினார்கள்; அவன் அதற்குள் மலையேறிவிட்டான். இரண்டு வேளைச் சோற்றைக் கட்டிக்கொண்டு வண்டியில் வந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. அதிகாரி நடந்ததைப் புரிந்துகொண்டு, நெசவாளிகளின் குறையை நூல் கண்ட்ரோல் ஆபீசுக்குத் தாமே எடுத்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் சத்தம் அடங்கியது. பிறகு அவர் கஜபதியிடம் திரும்பினார்.

"அப்படியானால், படிக்கிறதற்கென்று இங்கே புத்தகம் கேட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லையா?"

கஜபதி கிழிந்த பழுப்புக் காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நகரிக்கு யோகம் அடித்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்போது ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

"நான் கேட்டுகினு இருக்கேங்க."

"எந்தப் புத்தகம் அம்மா?"

"அந்த அண்ணன் கையில வெச்சுகினு இருக்காரே, அதாங்க. அது இருந்தா கணக்குல தேறிடுவேன்."

துரைக்கண்ணு அதிகாரியைக் கேட்கவில்லை, காரியதரிசியையும் கேட்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போய்க் கம்பி வழியாக நீட்டினான். "எடுத்துகினு போம்மா. யாருக்காவது இந்த நாப்பது ஓடட்டும்" என்றான். புத்தகம் பெரிது, கம்பி இடுக்கு சின்னது. சாய்த்து, திருப்பி, ஒரு வழியாக அவள் கைக்குப் போனபோது மேலட்டை ஓரம் கொஞ்சம் மடங்கியது. அதைப் பார்த்தவர் அந்த அறையில் கஜபதி ஒருவர்தான்.

அந்த ஒரு வாசகியால் உதவி எங்கள் ஊருக்கே வந்தது. புதுப் புத்தகங்கள் வந்தன. பீரோவும் வந்தது, பூட்டு வைக்காத பீரோவாக அனுப்பியிருந்தார்கள். கஜபதி இரண்டு நாள் ஜுரமாகப் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தார். மாலையிலும் திறக்க வேண்டும் என்று உத்தரவு. திறந்தார். வாத்தியார்கள் வந்தார்கள், கடைச் சிப்பந்திகள் வந்தார்கள், பெண்களுக்கென்று தனியாக ஒரு பெஞ்சியும் போட்டார்கள். மனோரமா கணக்கில் தேறினாள். எல்லம்மாள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். தான்தான் படிக்க வைத்ததாகவும் சொல்லிக்கொண்டாள்.

இதோடு முடித்தால் எல்லோரும் சந்தோஷமாகத் தூங்கலாம். ஆனால் மறு வருஷம் சைக்கிள் கடை ஜமீல் அகமதுவின் மகள் குல்ஜார் பேகம் அதே பரீட்சைக்குப் பணம் கட்டினாள். அவளுக்கும் கணக்குதான் எமன். நூல் நிலையத்துக்கு வந்து நாற்பதாம் நம்பரைக் கேட்டாள். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் சந்து இருந்தது. மனோரமா திருப்பிக் கொடுக்கவில்லை.

கஜபதி அவள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மனோரமா மரியாதையாக வரவேற்று, மோர் கொடுத்து, டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள். கல்யாணப் புடவைக்குக் கீழே, மஞ்சள் துணியில் சுற்றி, நாற்பது படுத்திருந்தது.

"குல்ஜாருக்கு வேணும்மா. பரீட்சை வருது" என்றார் கஜபதி.

"சின்னப் பொண்ணுங்க அது. வீட்ல தம்பி தங்கச்சிங்க வேற நிறைய. கிழிச்சிடுவாங்க ஐயா. என் வாழ்க்கையவே மாத்தின பொஸ்தகம். எப்படிக் கை விட்டுக் குடுக்கறது?"

"அதுக்காகப் பொட்டிக்குள்ள வெச்சிட்டா ஆச்சாம்மா? புஸ்தகம்னா நாலு பேர் கை பட வேணாமா? படிக்கிறதுக்குத்தானே அச்சுப் போட்டாங்க? ஊர்ச் சொத்தை ஒருத்தர் பூட்டி வெச்சா அது நியாயமா?"

நான் மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். அவர் நடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. சாவி இன்னொருவர் இடுப்புக்குப் போனதும் இத்தனை ஞானமும் இவருக்கு எங்கிருந்து வந்தது?

கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. புத்தகம் வெளியே போகாது. குல்ஜார் தினமும் மனோரமா வீட்டுக்கு வந்து படித்துக்கொள்ளலாம். பக்கத்தை மட்டும் மனோரமாதான் புரட்டுவாள்.

பாருங்கள், இந்த இனம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துத்தான் நானும் இத்தனை நேரம் காரியதரிசியையே காட்டிக்கொண்டிருந்தேன். நீங்களும் நன்றாகச் சிரித்தீர்கள். போகட்டும். இப்போது ஓர் உபகாரம் செய்யுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். அங்கே எழுதியிருப்பது உங்கள் பெயராக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு யாருடைய பெயராவது, ஏதாவது நூல் நிலையத்தின் முத்திரையாவது இருந்தால், அவசரம் ஒன்றுமில்லை. நிதானமாகப் படித்து முடித்துவிட்டே வாருங்கள். நானும் கஜபதியும் உங்கள் வாசலில்தான் நிற்கிறோம்.